ஐஓஎம்எம்யூ லாக்கில் ஒரு வரிகூட இல்லை: விஎம்முக்கு நெட்வொர்க் கார்டைக் கொடுத்ததில் வந்த கோளாறு

பின்னணி

சுமார் அறுபது பேர் வேலை பார்க்கும் அலுவலகம். சர்வர் அறையில் இருப்பது ஒரே இயந்திரம், 32 ஜிபி மெமரி. லினக்ஸ், அதன்மேல் கேவிஎம், அதில் நான்கு மெய்நிகர் கணினிகள். இனி விஎம் என்றே எழுதுகிறேன். அவற்றில் ஒன்று ஃபயர்வால். வெளி இணையம் முதலில் வந்து சேர்வது அதில்தான்.

அந்த ஃபயர்வால் விஎம்முக்கு நெட்வொர்க் கார்டு நேரடியாகவே கொடுக்கப்பட்டிருந்தது. கார்டு பழைய நான்கு போர்ட் ரகம். உள்ளே இரண்டு சிப், சிப்புக்கு இரண்டு போர்ட். இரண்டையும் ஒரே ஸ்லாட்டில் சேர்க்க, கார்டின்மேலேயே சின்னதாக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்விட்ச் (கணினிக்குள் சாதனங்களை இணைக்கும் பாதையைக் கிளை பிரிக்கும் சிப்). முதல் சிப் ஃபயர்வாலுக்கு. இரண்டாவது சிப் ஹோஸ்டின், அதாவது விஎம்களைத் தாங்கும் அசல் இயந்திரத்தின், கையில். ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போகும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) இணைப்பு அதன் வழியே.

நெட்வொர்க் கார்டு சிபியூவை எதிர்பார்க்காமல் தானே மெமரியில் எழுதும், படிக்கும். டிஎம்ஏ என்பது அதுதான். விஎம்முக்குள் ஓடும் டிரைவர், "பாக்கெட்டை என் 500-வது எம்பியில் வை" என்று கார்டிடம் சொல்லும். விஎம்மின் 500-வது எம்பி உண்மையான மெமரியில் வேறெங்கோ இருக்கும். அந்த முகவரியை மாற்றிக் கொடுப்பதும், விஎம்முக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொட்டால் தடுப்பதும் ஐஓஎம்எம்யூவின் வேலை. லினக்ஸில் அந்த ஏற்பாட்டை விஎம்மோடு இணைத்துத் தருவது விஎஃப்ஐஓ. 2012-ல் வந்த 3.6 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது.

விஎஃப்ஐஓ சாதனங்களைத் தனித்தனியாகப் பார்க்காது, குழுவாகத்தான் பார்க்கும். ஐஓஎம்எம்யூவுக்குத் தெரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூடிய சாதனங்கள் எல்லாம் ஒரே குழு. குழுவில் ஒன்று விஎம்முக்குப் போனால், மீதியை ஹோஸ்டின் டிரைவர் வைத்திருக்கக் கூடாது. கீழிருந்து வரும் கோரிக்கையைப் பக்கத்துப் போர்ட்டுக்கு விடாமல் கட்டாயமாக மேலே அனுப்பும் வசதிக்கு ஏசிஎஸ் என்று பெயர். எங்கள் கார்டின் ஸ்விட்சில் அது இல்லை. அதனால் நான்கு போர்ட்டும் ஒரே குழுவாகத்தான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் ஹோஸ்டில் இரண்டு குழுவாகத் தெரிந்தது. எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற பேட்சை (கெர்னல் நிரலில் செய்யும் திருத்தத்தை) போட்டுக் கெர்னலைத் தானே கட்டியிருந்தார். 2013-ல் கெர்னல் ஆட்களுக்கு அனுப்பப்பட்டு, ஏற்கப்படாமல் போய், இன்றுவரை வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் பேட்ச் அது. "இந்தப் போர்ட்டில் ஏசிஎஸ் இருப்பதாக வைத்துக்கொள்" என்று கெர்னலிடம் சொல்லும், அவ்வளவுதான். கார்டில் எதுவும் மாறாது, குழுக்கள் மட்டும் காகிதத்தில் பிரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இப்படி ஒரு பேட்ச் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கெர்னலின் துவக்க வரியில் அந்தப் பேட்சை இயக்கும் அளவுரு கண்ணெதிரே இருந்தும் நான் படித்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை: மெமரியைக் கூட்டியது

ஃபயர்வால் விஎம்முக்கு 2 ஜிபி மெமரி. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு புகாரும் இல்லாமல் ஓடியது. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளையும் அதிலேயே போடலாம் என்று முடிவானதால், வெள்ளி மாலை மெமரியை 8 ஜிபியாக மாற்றினேன்.

விஎம் கிளம்பவே இல்லை. மெமரி ஒதுக்க முடியவில்லை என்று விஎஃப்ஐஓ சொன்னது. இது தெரிந்த விஷயம். கார்டு எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் தொடும் என்று கெர்னலுக்குத் தெரியாது. அதனால் விஎம்மின் மெமரி முழுவதையும் நகராமல் பூட்டி வைக்கும். அப்படிப் பூட்ட, விஎம்மை இயக்கும் மென்பொருளான கியூஎமு ஓடும் பயனர் கணக்குக்கு 3 ஜிபிதான் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதை 10 ஜிபி ஆக்கியதும் விஎம் எழுந்தது. கால் மணி நேர வேலை. சனி, ஞாயிறு, திங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை.

செவ்வாய் காலை

பதினொரு மணி வாக்கில் கணக்குப் பிரிவிலிருந்து போன். "சார், ஃபைல் திறந்தா பாதியிலேயே நிக்குது." நான் எழுந்து போவதற்குள் சரியாகிவிட்டது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பவும். அன்று மாலைக்குள் ஆறு முறை. ஒவ்வொன்றும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்.

ஹோஸ்டின் லாக்கில் இரண்டு வகை வரிகள். ஸ்டோரேஜுக்குப் போகும் போர்ட்டின் அனுப்பும் பகுதி முடங்கிவிட்டதாகவும், டிரைவர் அதை ரீசெட் செய்ததாகவும் ஒன்று. அவற்றுக்குச் சற்று முன்போ பின்போ, "ஆதரிக்கப்படாத கோரிக்கை" வந்ததாக பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைப் பதிவு இன்னொன்று. விஎம்முக்குள் போய்ப் பார்த்தால், உள்ளே வரும் பாக்கெட்டுகளில் செக்சம் பிழைகளின் (தரவு கெட்டுவிட்டதைக் காட்டும் பிழைகளின்) எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. முந்தைய வாரம் அது பூஜ்யம்.

என்னுடன் வேலை பார்க்கும் தம்பி அந்த பிசிஐ பிழை வரிகளைக் காட்டி, "அண்ணே, இது என்னன்னு பாக்கலாமா?" என்றான். பழைய கார்டு, அப்படித்தான் புலம்பும், விடு என்று சொல்லிவிட்டேன். இந்த நிகழ்வில் நான் செய்த முதல் பெரிய தவறு அதுதான். அவன் காட்டிய இடத்திலேயே விடை இருந்தது.

தவறான திசையில் இரண்டு நாள்

முதலில் கேபிள் மாற்றினோம். அடுத்து ஸ்டோரேஜ் பெட்டியின் பக்கம் போர்ட்டை மாற்றினோம். அப்புறம் ஹோஸ்டில் மெமரி நெருக்கடியோ என்று சந்தேகம், 8 ஜிபியைப் பூட்டி வைத்திருக்கிறோமே என்று. அதுவும் இல்லை, தாராளமாக மீதி இருந்தது.

விஎம்மைச் சந்தேகிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. விஎம்மிடம் உள்ள கார்டு தப்பான முகவரியைத் தொட்டால் ஐஓஎம்எம்யூ உடனே கெர்னல் லாக்கில் எழுதும்: எந்தச் சாதனம், எந்த முகவரி, படிக்க முயன்றதா எழுத முயன்றதா என்று. எங்கள் லாக்கில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ஐஓஎம்எம்யூ அமைதியாக இருக்கிறது, எனவே விஎம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை அலுவலகமே கொதித்துவிட்டது. காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைசியாக மாற்றியதைத் திருப்புவோம் என்று மதியம் விஎம் மெமரியை மறுபடி 2 ஜிபி ஆக்கி, புது மென்பொருளை நிறுத்தினோம். தடங்கல் அந்த நிமிடமே நின்றது. மாலையில் மென்பொருளை மட்டும் 2 ஜிபிக்குள் திணறத் திணற ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆக, மென்பொருள் குற்றவாளி இல்லை. மெமரியின் அளவுதான்.

விஎம்முக்கு எவ்வளவு மெமரி கொடுக்கிறோம் என்பது ஹோஸ்டின் வேறொரு போர்ட்டை எப்படி முடக்கும்? அன்றிரவு தூக்கம் வரவில்லை.

2320 எம்பி

வெள்ளி காலை பேட்ச் கண்ணில் பட்டது. கெர்னல் பதிப்பின் பெயரில் ஒட்டியிருந்த விசித்திரமான பின்னொட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்து, துவக்க வரியைப் படித்தேன். உடனே சாதாரண விநியோகக் கெர்னலில் ஒரு முறை துவக்கிக் குழுக்களைப் பார்த்தால், நான்கு போர்ட்டும் ஒன்றாக ஒரே குழுவில் உட்கார்ந்திருந்தன. ஸ்விட்சின் கீழ்ப்போர்ட்டுகளின் விவரத்தில் ஏசிஎஸ் என்ற பேச்சே இல்லை.

இனி முகவரிகளைப் பார்க்க வேண்டும். எந்த முகவரியில் மெமரி, எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்ற பட்டியலைக் கெர்னல் ஐஓமெம் என்ற கோப்பில் தரும். ஹோஸ்டின் பட்டியலை வெள்ளைப் பலகையின் இடப்பக்கம் எழுதினோம், விஎம்முக்குள் எடுத்ததை வலப்பக்கம். பதினாறடிமான எண்களை எம்பியாக மாற்றி எழுதியது தம்பி. எழுதிக்கொண்டே இருந்தவன் நின்றான். "அண்ணே, இந்த நம்பர் ரெண்டு பக்கமும் வருதே?"

இடப்பக்கம்: ஹோஸ்ட் பயன்படுத்தும் இரண்டாவது சிப்புக்காக ஸ்விட்சின் கீழ்ப்போர்ட்டில் திறந்திருந்த முகவரி ஜன்னல், 2320-வது எம்பியிலிருந்து 2330 வரை. வலப்பக்கம்: 8 ஜிபி விஎம்மில் பூஜ்யத்திலிருந்து 3072 எம்பி வரை எல்லாம் சாதாரண மெமரி, மீதி 5 ஜிபி 4096-க்கு மேல். கியூஎமுவின் பழைய ஐ440எஃப்எக்ஸ் இயந்திர வகை (விஎம்முக்குக் காட்டப்படும் மெய்நிகர் மதர்போர்டு) 8 ஜிபியை அப்படித்தான் பிரிக்கும். 2 ஜிபி விஎம்மிலோ மெமரி 2048-லேயே முடிந்துவிடும். 2320 என்ற முகவரியே அதில் கிடையாது.

விஎம்மின் டிரைவர் தன் 2325-வது எம்பியில் ஒரு பஃபரை ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டை அங்கே எழுதச் சொல்லிக் கார்டிடம் சொல்கிறது. முதல் சிப் "2325-ல் எழுது" என்று கோரிக்கையை அனுப்புகிறது. கோரிக்கை மேலே போய் ஐஓஎம்எம்யூவை அடைந்தால் சரியான இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். ஆனால் வழியில் முதலில் நிற்பது கார்டின் ஸ்விட்ச். "2325-ஆ? அது என் இன்னொரு போர்ட்டின் ஜன்னல் ஆயிற்றே" என்று அங்கேயே திருப்பி, பக்கத்துச் சிப்பிடம் கொடுத்துவிடுகிறது. ஏசிஎஸ் இல்லாத ஸ்விட்ச் அப்படிச் செய்வதில் தவறில்லை, அதன் வேலையே அதுதான்.

ஐஓஎம்எம்யூ ஏன் அமைதியாக இருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கோரிக்கை அதன் வாசல்வரை வரவே இல்லை. வராததைப் பற்றி அது என்ன எழுதும்?

மற்றவையும் பொருந்தின. வந்த பாக்கெட் விஎம்மின் பஃபரில் விழாததால், அங்கே இருந்த பழைய குப்பையை விஎம் படித்தது, செக்சம் பிழை. அந்தப் பக்கம் ஹோஸ்டின் சிப்புக்கு, யாரும் இல்லாத முகவரிக்கு எழுத்து வந்தால் "ஆதரிக்கப்படாத கோரிக்கை". சிப்பைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர் பகுதியில் விழுந்தால் முடக்கம். ஜன்னல் 10 எம்பி என்றாலும் பெரும்பகுதி கார்டின் ஃபிளாஷுக்கானது. ரெஜிஸ்டர்கள் போர்ட்டுக்கு 128 கேபிதான். 8192 எம்பியில் 10 எம்பி என்றால் ஏறத்தாழ 820-ல் ஒரு பங்கு. அதிலும் ரெஜிஸ்டரில் படுவது இன்னும் அரிது. இடையிடையே வந்து போனதற்குக் காரணம் அது.

மூன்று நாள் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? லினக்ஸ் மெமரி ஒதுக்கும்போது 4 ஜிபிக்கு மேலே உள்ள பகுதியைத்தான் முதலில் எடுக்கும், அது குறையும்போதுதான் கீழே இறங்கும். புது மென்பொருளும் அது எழுதிய லாக்கின் கேஷும் மேலே இருந்த 5 ஜிபியை நிரப்ப வார இறுதி ஆயிற்று.

எல்லாம் பொருந்துகிறது என்பதால் உண்மை ஆகிவிடாது. சோதனை ஒன்று செய்தோம். விஎம்மை 8 ஜிபியிலேயே வைத்து, அதன் துவக்க வரியில் மெம்மேப் அளவுரு மூலம் 2320-லிருந்து 10 எம்பியை மட்டும் தொடாதே என்று சொன்னோம். (அந்த அளவுருவில் டாலர் குறி வரும். துவக்க மென்பொருளான கிரப்பில் அதற்கு முன் பின்சாய்வுக் கோடு போடாமல் எழுதினால் பாதி வரி காணாமல் போகும். எங்களுக்கும் ஒரு முறை போனது.) அன்று சனிக்கிழமை, அலுவலகம் காலி. விஎம்மின் மெமரியைச் சோதனைக் கருவியால் நிரப்பி, நாள் முழுக்க டிராஃபிக்கை ஓட்டினோம். பிழை பூஜ்யம். அளவுருவை எடுத்தோம், ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டோரேஜ் போர்ட் முடங்கியது. திரும்பப் போட்டோம், நின்றது.

முதல் முடிவு

அந்த 10 எம்பி ஓட்டையை அப்படியே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான், செலவே இல்லை. நான் மறுத்தேன். அந்த ஓட்டை விஎம்மின் நல்லெண்ணத்தை நம்பி இருக்கிறது. இணையத்தைப் பார்த்து நிற்கும் விஎம் அது. நாளை அதை யாராவது கைப்பற்றினால், 2320-ல் எழுதச் சொல்லிக் கார்டிடம் கேட்பது அவர்கள் விருப்பம். ஹோஸ்டின் நெட்வொர்க் சிப்பினுடைய ரெஜிஸ்டர்களை வெளியாள் எழுத முடியும் என்றால் விஎம் பிரிவினை என்பதற்கே அர்த்தமில்லை.

அதனால் பேட்ச் போட்ட கெர்னலை எடுத்துவிட்டு விநியோகக் கெர்னலுக்குத் திரும்பினோம். நான்கு போர்ட்டையும் ஃபயர்வால் விஎம்முக்கே கொடுத்தோம். ஹோஸ்டின் ஸ்டோரேஜ் இணைப்பை மதர்போர்டில் சும்மா கிடந்த போர்ட்டுக்கு மாற்றினோம். ஸ்டோரேஜில் உள்ள கோப்புகளை, வெள்ளிக்கிழமைக்கு முன் எடுத்த பேக்கப்புடன் செக்சம் வைத்து ஒப்பிட்டோம். மாற்றப்படாத கோப்பு ஒன்றுகூடக் கெடவில்லை. இதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

திரும்பவும் அதே

ஞாயிறு மாலை, ஓட்டை இல்லாமல், 8 ஜிபியில், அதே சோதனை. ஹோஸ்டில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விஎம்முக்குள் மூன்றாவது போர்ட் முடங்கியது.

உட்கார்ந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. ஹோஸ்டைக் காப்பாற்றுவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் அதே ஸ்விட்ச்தான். இரண்டாவது சிப்பின் ஜன்னலும் அதே 2320-ல்தான், விஎம் அதற்கு வேறு முகவரி காட்டினாலும். முதல் சிப் 2325-ல் எழுதினால் இப்போதும் பக்கத்துச் சிப்புக்குத்தான் போகும். பக்கத்துச் சிப் இப்போது விஎம்முடையது என்பது மட்டுமே வித்தியாசம். குழுவை மதித்ததால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது நின்றது. தன் வீட்டுக்குள்ளேயே இடித்துக்கொள்வது நிற்கவில்லை. குழு என்பது யாரை யாரிடமிருந்து பிரிக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. முகவரிகள் மோதாது என்று அது எங்கும் உறுதி தரவில்லை.

இடைக்கால வழியாக விஎம்மின் இயந்திர வகையைக் கியூ35 ஆக்கினோம். 8 ஜிபி கொடுத்தால் அது 4 ஜிபிக்குக் கீழே 2048 எம்பியோடு நிறுத்திக்கொண்டு மீதியை மேலே வைக்கும். எங்கள் ஹோஸ்டில் 4 ஜிபிக்குக் கீழுள்ள சாதன ஜன்னல்கள் எல்லாம் 2304 எம்பிக்கு மேல்தான் தொடங்குகின்றன. மோதல் இல்லை. முதலிலிருந்தே கியூ35 இருந்திருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது, பாதுகாப்பு ஓட்டை மட்டும் சத்தமில்லாமல் இருந்திருக்கும். அதை நினைத்தால் ஐ440எஃப்எக்ஸுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

இயந்திர வகையை மாற்றியதில் விஎம்முக்குள் பிசிஐ முகவரிகள் மாறி, நெட்வொர்க் இடைமுகங்களின் பெயர்களும் மாறிவிட்டன. ஃபயர்வால் விதிகள் பழைய பெயர்களில். நாற்பது நிமிடம் அலுவலகத்துக்கு இணையம் இல்லை. திங்கள் காலை ஒன்பதரைக்கு அதைச் செய்திருக்கக் கூடாது.

நிலையான தீர்வு

இரண்டு வாரம் கழித்துப் புதுக் கார்டு வந்தது. இரண்டு போர்ட், ஒரே சிப், கார்டில் ஸ்விட்ச் கிடையாது. சிபியூவிலிருந்து நேரடியாக வரும், ஏசிஎஸ் உள்ள ரூட் போர்ட்டின் ஸ்லாட்டில் போட்டோம். விநியோகக் கெர்னலில் எந்த அளவுருவும் திணிக்காமலே போர்ட்டுக்கு ஒரு குழுவாக வந்தது. 8 ஜிபி விஎம்மைப் பழைய இயந்திர வகைக்கே மாற்றி, வேண்டுமென்றே மோதும் முகவரிகளோடு இரண்டு நாள் நிரப்பிச் சோதித்தோம். பிழை இல்லை. அதன் பிறகு கியூ35-க்கே கொண்டுவந்து நிறுத்தினோம், இந்த முறை இரவு பத்து மணிக்கு. நான்கு மாதமாகிறது, லாக்கில் புகார் இல்லை.

இனி மாற்றிச் செய்வது

ஒரு சாதனத்தை விஎம்முக்குக் கொடுக்கும் முன், அது எந்தக் குழுவில் இருக்கிறது, அதற்கும் சிபியூவுக்கும் இடையில் என்னென்ன ஸ்விட்ச் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஏசிஎஸ் உண்டா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறோம். குழு பிரியவில்லை என்றால் ஸ்லாட்டை மாற்றுவோம், இல்லை கார்டை மாற்றுவோம். பேட்ச் போடுவதில்லை. வீட்டில் விளையாட்டுக்கு விஎம் ஓட்டுபவர் அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். இணையத்தைப் பார்த்து நிற்கும் இயந்திரத்தில் அதற்கு இடமில்லை.

விஎம் மெமரியைக் கூட்டுவதும் இயந்திர வகையை மாற்றுவதும் சாதனம் தொடும் முகவரிகளை மாற்றும் வேலை என்று இப்போது கருதுகிறோம். இரண்டு ஐஓமெம் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் செய்வதில்லை. மெமரி முழுக்க நிரம்பிய நிலையில் ஒரு மணி நேரச் சோதனையும் உண்டு. காலியான விஎம்மில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழை வரி ஒன்று வந்தாலும் இப்போது எச்சரிக்கை அனுப்பப்படுகிறது. அதை அமைத்தது தம்பிதான்.

பழைய கார்டைத் தூக்கிப் போடவில்லை. பேக்கப் இயந்திரத்தில் நான்கு போர்ட்டையும் ஹோஸ்டே பயன்படுத்துகிறது, விஎம் எதுவும் அங்கே கிடையாது. அங்கே டிரைவர் கார்டுக்குக் கொடுக்கும் மெமரி முகவரியும் சாதன ஜன்னலும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை என்பதால், கார்டு முனகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.